டி-டைமர் அச்சமும் ரத்தக்கட்டும்: அடையாளம் வேறு, காரணம் வேறு

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராண்டாவில் அமர்ந்திருந்தோம். அறுபத்திரண்டு வயதான ஜமாஅத் பெரியவர் ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஏதோ ஒரு லேபில் ‘முழு உடல் பரிசோதனை’ என்று பேக்கேஜ் எடுத்திருக்கிறார். அதில் டி-டைமர் என்ற வரியில் 590 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டிருந்தார்கள். 500-க்குள் இருக்க வேண்டுமாம்.

“ஹஜ்ரத், உடம்புல ரத்தம் கட்டிக்கிட்டு இருக்காம். கொரோனா ஊசி போட்டதுதான் காரணம்னு மகன் துபாயிலேர்ந்து ஒரு வீடியோ அனுப்பியிருக்கான். நெசமா?” என்று கேட்டார். மூன்று இரவாகத் தூக்கமில்லை என்றார்.

அதே வாரத்தில் இன்னொரு செய்தி வந்தது. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான சகோதரி ஒருவருக்குக் கடும் தலைவலி. ‘பச்சை உடம்பு, பனி பட்டிருக்கும்’ என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் அப்படியே போயிருக்கிறது. நான்காம் நாள் வலிப்பு வந்த பிறகே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

நோய்க்கான எந்த அறிகுறியும் இல்லாதவர் ஒரு எண்ணைப் பார்த்துத் தூக்கம் இழந்தார். எல்லா அறிகுறியும் இருந்த பெண்ணின் வீட்டில் யாரும் பதறவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே அறியாமைதான். ரத்தம் உறைவதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏராளமாகப் பேசுகிறோம். நம் வீடுகளுக்குத் தேவையான செய்தி மட்டும் அதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வலையும் அறுந்த முடிச்சும்

காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். உறையாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். அதற்காக நம் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. தேவை ஏற்படும்போது திராம்பின் என்ற இன்னொரு புரதம் அதை இழை இழையாக மாற்றுகிறது. அந்த இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முடிச்சுப் போட்டு, ரத்த அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. பாம்பனிலும் தொண்டியிலும் வலை பின்னிப் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. உடல் தனக்குள்ளே ஒரு வலையைப் பின்னிக்கொள்கிறது.

காயம் ஆறியதும் பிளாஸ்மின் என்ற புரதம் வந்து அந்த வலையை அறுக்கிறது. அறுபட்ட துண்டுகளில் இரண்டு முனைகள் முடிச்சோடு சேர்ந்தே இருக்கும் ஒரு துண்டுக்குத்தான் டி-டைமர் என்று பெயர். ஆகவே ரத்தத்தில் டி-டைமர் கூடியிருக்கிறது என்றால், உடலில் எங்கோ ஒரு வலை பின்னப்பட்டு அறுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். கரையில் ஒதுங்கிய வலைத்துண்டைப் பார்த்து, அது யாருடைய வலை, எந்தக் கடலில் அறுந்தது, ஏன் அறுந்தது என்று சொல்ல முடியுமா? அது போலத்தான் இதுவும்.

காய்ச்சல் வந்தால் டி-டைமர் கூடும். நிமோனியாவில் கூடும். அறுவை சிகிச்சைக்குப் பின் கூடும். அடிபட்டால், புற்றுநோய் இருந்தால், கர்ப்பத்தில், பிரசவத்துக்குப் பின் கூடும். வயது ஏற ஏறத் தானாகவே கூடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 500 என்ற எல்லைக்குப் பதிலாக, வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை எல்லையாகக் கொள்ளலாம் என்று 2014-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியது. பல மருத்துவர்கள் இன்று அதைப் பின்பற்றுகிறார்கள். அந்தக் கணக்கில் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு எல்லை 620. நம் பெரியவரின் 590 அதற்கு உட்பட்டதுதான். லேபுக்கு லேப் அளவீட்டு முறை வேறுபடும் என்பதால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

இந்தப் பரிசோதனை எதற்காக? சந்தேகத்தை நீக்குவதற்காக. கால் வீக்கத்தோடோ மூச்சுத்திணறலோடோ ஒருவர் வருகிறார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, ரத்தக்கட்டுக்கு வாய்ப்பு குறைவு என்று கருதுகிறார். அப்போது டி-டைமர் பார்த்து, அது குறைவாக இருந்தால் ‘ரத்தக்கட்டு இல்லை’ என்று பெரும்பாலும் நிம்மதியாக அனுப்பிவிடலாம். கூடியிருந்தால் நோய் உறுதி என்று பொருளில்லை. அடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றுதான் பொருள். கால் என்றால் டாப்ளர் ஸ்கேன், நுரையீரல் என்றால் சி.டி. ஸ்கேன். எந்தத் தொந்தரவும் இல்லாதவர் பேக்கேஜில் சேர்ந்து வருகிறதே என்று எடுத்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை அல்ல அது.

ஸ்வீடன் ஆய்வு சொன்னது என்ன?

டி-டைமர் இப்படிப் பாதிச் செய்தியை மட்டுமே சொல்வதால், அதைவிடத் தெளிவாகப் பேசும் வேறு புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று உலகெங்கும் தேடுகிறார்கள். அதில் குறிப்பிடத்தக்க ஒன்று, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் ஓடெபெர்க் குழுவினர் 2023-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு.

ரத்தக்கட்டு இருக்குமோ என்ற சந்தேகத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள ஏராளமான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்தார்கள். உண்மையில் ரத்தக்கட்டு இருந்தவர்களிடம் சி.எஃப்.எச்.ஆர்-5 என்ற புரதம் கூடுதலாக இருந்தது. ஸ்வீடனுக்கு வெளியே பிற ஐரோப்பிய நாட்டு நோயாளிகளிடமும் சோதித்தார்கள். அங்கும் அதே தொடர்பு தென்பட்டது. இந்தப் புரதம் கிருமிகளை எதிர்த்து நிற்கும் நம் உடலின் தற்காப்பு அமைப்பைச் சேர்ந்தது. தற்காப்பு அமைப்புக்கும் ரத்தம் உறைவதற்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை இது மேலும் வலுப்படுத்துகிறது.

ஆனால் ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. இந்தப் புரதம்தான் ரத்தக்கட்டை உண்டாக்குகிறதா, அல்லது ரத்தக்கட்டு உண்டாகும் இடத்தில் இதுவும் சேர்ந்து தென்படுகிறதா என்று சுமார் 52,000 பேரின் மரபணுத் தகவல்களைக் கொண்டு சோதித்தார்கள். அதுதான் காரணம் என்று அந்தச் சோதனையில் நிறுவ முடியவில்லை. அதையும் ஆய்வில் வெளிப்படையாக எழுதினார்கள். இது வருங்காலத்தில் பயன்படக்கூடிய ஓர் அடையாளம் என்ற அளவில் முடித்துக்கொண்டார்கள்.

மதரஸாவில் உசூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருப்பது ‘இல்லத்’. அந்தச் சட்டம் எப்போது பொருந்தும் என்று காட்டும் அறிகுறி ‘அலாமத்’. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தீர்ப்பு தவறும் என்று உஸ்தாதுமார்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். ரத்தத்தில் தென்படும் புரதம் ஓர் அலாமத். அதை இல்லத்தாக எடுத்துக்கொண்டு முடிவுக்கு வருவதுதான் இன்று நம் கைப்பேசிகளில் நடந்துகொண்டிருக்கிறது.

தடுப்பூசி: உண்மை எவ்வளவு?

பெரியவரின் மகன் அனுப்பிய வீடியோவுக்கு வருவோம். அதில் முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு தூரம் பரவுகிறது.

ஆஸ்ட்ராஜெனிகா தடுப்பூசி, அதாவது நம் நாட்டில் புனேயின் சீரம் நிறுவனம் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்தது, மிக அரிதாக ரத்தக்கட்டை உண்டாக்கியது உண்மை. பிஎஃப்-4 என்ற புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுவதால் இது நேர்கிறது என்று 2021-லேயே ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகர மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். மிக அரிதாக இந்தப் பாதிப்பு வரலாம் என்று 2024-ல் அந்த நிறுவனமும் லண்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்திதான் இங்கே வீடியோக்களாக மாறியது.

‘மிக அரிது’ என்றால் எவ்வளவு? 2021 மே மாதம் நம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, கடுமையான பின்விளைவுகள் என ஆராயப்பட்ட 498 நிகழ்வுகளில் 26 மட்டுமே கோவிஷீல்டுக்குப் பின் ரத்தக்கட்டாக இருக்கலாம் என்று கருதப்பட்டன. பத்து லட்சம் டோஸுக்கு 0.61 என்ற விகிதம். அதே அறிக்கை பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு 4 என்றும் ஜெர்மனியில் 10 என்றும் குறிப்பிட்டது. ஊசி போட்ட 20 நாட்களுக்குள் மூச்சுத்திணறல், கால் வீக்கம், கடும் தலைவலி போன்றவை வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் அப்போது அறிவுறுத்தினார்கள். ஊசி போட்ட சில நாள் முதல் சில வாரங்களுக்குள் வரும் பாதிப்பு இது. நான்கைந்து ஆண்டு கழித்து டி-டைமர் 590 என்று வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இளைஞர்கள் திடீரென இறப்பதற்குத் தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சையும் நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று, 47 மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, உயிரோடு உள்ள 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி இந்த மரணங்களைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தது, மரணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறி மது அருந்தியது அல்லது கடுமையாக உடலை வருத்தியது ஆகியவைதான் அபாயத்தைக் கூட்டியிருந்தன.

கொரோனா நோயே ரத்தம் உறைவதைப் பெருமளவு தூண்டியது. டி-டைமர் என்ற சொல்லை நம் ஊர் மக்கள் முதன்முதலில் கேட்டதும் அந்த நாட்களில், நோயாளிகளின் ரிப்போர்ட்டில்தான். பாதிக்கப்பட்ட ஒருசிலரின் இழப்பை நாம் சிறிதாக்கவில்லை. அவர்களுக்கு நீதியும் உதவியும் கிடைக்க வேண்டும். ஆனால் கேட்ட செய்தியை விசாரிக்காமல் பரப்புவது முஃமினுக்கு அழகல்ல என்பது நாம் மிம்பரில் சொல்லும் பாடம். மருத்துவச் செய்திக்கும் அது பொருந்தும்.

நாற்பது நாளும் தண்ணீரும்

உண்மையில் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். ஒரு பெண்ணின் வாழ்வில் ரத்தக்கட்டு அபாயம் மிகக் கூடுதலாக இருக்கும் காலங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு வாரம். பிரசவத்தில் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உடல் தானாகவே உறையும் தன்மையைக் கூட்டிவைக்கிறது. அது அல்லாஹ் ஏற்படுத்திய பாதுகாப்பு. ஆனால் அதே நேரத்தில் உடலில் நீர் வற்றினாலோ, அசையாமல் படுத்தே கிடந்தாலோ, காய்ச்சல் கிருமி சேர்ந்தாலோ, சிசேரியன் நடந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு தேவையற்ற இடத்தில் உறைய வைத்துவிடும்.

இது நம் பகுதிக்கு வெளியிலிருந்து வந்த செய்தி அல்ல. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்த 135 பெண்களைப் பற்றி 1983-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூளைச் சிரையில் ரத்தம் உறைவதைப் பற்றி உலகில் எழுதப்படும் கட்டுரைகள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன. பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கத்தை இந்நோயின் காரணங்களில் ஒன்றாக இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவருகிறார்கள்.

‘தண்ணி குடிச்சா வயிறு போடும்’, ‘புண் ஆறாது’ என்று சொல்லி இன்றும் நம் வீடுகள் சிலவற்றில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். நாற்பது நாளும் கட்டிலை விட்டு இறங்கவிடாத வீடுகளும் உண்டு. அக்கறையில்தான் செய்கிறார்கள். சில பெரியவர்கள் இதை மார்க்கத்தோடு சேர்த்தும் பேசுகிறார்கள். அதனால் தெளிவாகச் சொல்கிறோம். நிஃபாஸ் என்பது தொழுகை, நோன்பு, இல்லற உறவு பற்றிய சட்டம். அதன் அதிகபட்ச அளவு ஹனஃபி மத்ஹபில் நாற்பது நாள், ஷாஃபிஈ மத்ஹபில் அறுபது நாள். அந்தப் பாடத்தில் எந்த இடத்திலும் தண்ணீரைக் குறைக்கவோ படுத்தே கிடக்கவோ சொல்லப்படவில்லை. தாகித்த பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்காதிருப்பது சுன்னத்தும் அல்ல, மருத்துவமும் அல்ல.

உம்மாமார்களும் மாமிமார்களும் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து வீட்டுக்குள் நடக்க விடுங்கள். விடாத தலைவலி, வாந்தி, கண் மங்கல், கை கால் மரத்துப்போதல், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள்.

உம்ரா, சபர், மாத்திரை

அடுத்தது பயணம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் ரத்தக்கட்டு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும். விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவருக்கு இது சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். பயந்து பயணத்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் நம் மக்களின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். கீழக்கரையிலிருந்தோ பெரியபட்டினத்திலிருந்தோ இரவெல்லாம் பஸ்ஸில் சென்னைக்கு, அங்கே பல மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஜித்தாவுக்கு விமானம், அங்கிருந்து மீண்டும் பஸ். வயதானவர், உடல் பருத்தவர், முன்பு ரத்தக்கட்டு வந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர், சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்தவர் ஆகியோருக்கு இந்த அபாயம் பல மடங்கு கூடும். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்வரும் சபராளிகளுக்கும் இது பொருந்தும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. உம்ரா நாட்களில் மாதவிடாய் வராமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் மார்க்கச் சட்டத்தை எங்களிடம் கேட்கிறார்கள். உடலுக்குத் தீங்கு இல்லையெனில் கூடும் என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிபந்தனையைத்தான் பலரும் காதில் வாங்குவதில்லை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகின்றன. இதற்கு வழக்கமாகத் தரப்படும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையிலும் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு ரத்தக்கட்டு வந்தவரோ, உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ வந்தவரோ இதை மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. மருத்துவரிடம் முழு விவரமும் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். மாதவிடாய் வந்த பெண்ணின் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஷரீஅத்தில் வழி இருக்கிறது. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

குடும்பத்தில் ஓடும் குறை

ரத்தம் உறைவதற்கு முடுக்கி இருப்பதுபோலத் தடையும் உண்டு. ஆன்டிதிராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகிய மூன்று புரதங்களும் ரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் தடுக்கின்றன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆன்டிதிராம்பின் குறைவு ஒரே குடும்பத்தில் பரம்பரையாக வருவதை 1965-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஓலாவ் எகெபெர்க் முதலில் எழுதினார். இளவயதில் ரத்தக்கட்டு வருவது, மீண்டும் மீண்டும் வருவது, குடும்பத்தில் பலருக்கு வருவது ஆகியவை இதற்கான அறிகுறிகள்.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் மணமுடித்தவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. நம் சமூகத்திலும் மாமன் மகள், சாச்சி மகள் என்று கொடுக்கல் வாங்கல் உண்டு. மார்க்கத்தில் அது ஆகுமானதே, கட்டாயம் அல்ல. கணவன் மனைவி இருவருமே புரோட்டீன் சி குறையைச் சுமந்தால், பிள்ளை இரண்டு பக்கமும் அதைப் பெற்றுப் பிறந்த சில மணி நேரங்களிலேயே உடலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும் கொடிய நோய்க்கு ஆளாகக்கூடும். மிக அரிதுதான். ஆனாலும் ஒரு குடும்பத்தில் இளவயது ரத்தக்கட்டு இருந்தால், சொந்தத்தில் நிச்சயிக்கும் முன் மருத்துவரிடம் பேசுவது அறிவு.

இந்தப் பரிசோதனைகளைக் கண்ட நேரத்தில் எடுத்துப் பணத்தை வீணாக்கவும் கூடாது. ரத்தக்கட்டு புதிதாக வந்திருக்கும் நேரத்தில் இந்தப் புரதங்கள் செலவாகிக் குறைந்து காட்டும். கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் இயல்பாகவே குறையும். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறையும். அப்போது எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து ‘பரம்பரை நோய்’ என்று முடிவுகட்டி, மகளின் நிக்காஹ் பேச்சை நிறுத்தியவர்களை நாம் அறிவோம். எப்போது எடுக்க வேண்டும் என்பதை ரத்தநோய் மருத்துவர் சொல்லட்டும்.

பன்றியிலிருந்து வரும் ஊசி

ரத்தக்கட்டு உறுதியானால் முதலில் தரப்படுவது பெரும்பாலும் ஹெப்பாரின் அல்லது எனாக்ஸாபாரின் ஊசி. இது பெரும்பாலும் பன்றிக் குடலின் சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. இது தெரிந்ததும் சிலர் ஊசியை மறுக்கிறார்கள். ஈமானிய உணர்வு பாராட்டத்தக்கது. ஆனால் சட்டத்தை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் பேரவை ஹிஜ்ரி 1424-ல், அதாவது 2003 டிசம்பரில், மக்காவில் கூடிய 17-வது அமர்வில் இந்த ஊசியைப் பற்றியே தனித் தீர்மானம் எடுத்தது. அதே பயனைத் தரும் ஆகுமான மாற்று இல்லாத நிலையில், தேவையின் அளவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது குர்ஆனின் அடிப்படையில் அமைந்த, எல்லா மத்ஹபுகளும் ஏற்ற விதி.

மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோண்டாபாரினக்ஸ் என்ற ஊசி முழுக்க வேதிமுறையில் தயாரிக்கப்படுவது. வார்ஃபரின், ரிவரோக்ஸாபன், அபிக்ஸாபன் ஆகிய மாத்திரைகளின் மருந்தும் அப்படியே. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. கர்ப்பிணிக்கு இந்த மாத்திரைகள் ஆகாது. அவருக்குப் பெரும்பாலும் ஹெப்பாரின் வகை ஊசியே பாதுகாப்பானது. ‘இதுதான் வேண்டும்’ என்று மருத்துவர் சொல்லிவிட்டால் தயங்காதீர்கள். ஃபத்வா தேடி ஒரு நாள் தள்ளிப்போடுவதற்குள் உயிர் போய்விடலாம்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

ரத்தக்கட்டின் அறிகுறிகள் மனனம் செய்யும் அளவுக்குச் சிலவே. ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலியும் சூடும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம். பிரசவித்தவளுக்கு விடாத தலைவலி. இவற்றில் ஒன்று தென்பட்டால் லேபுக்கு அல்ல, மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். முன்பு இதற்கெல்லாம் மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது. 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். மேல்சிகிச்சை தேவையென்றால் அங்கிருந்து மதுரைக்கு அனுப்புவார்கள்.

நம் ஊர்களில் உம்ரா குழுக்கள் புறப்படும் முன் தல்பியாவும் தவாஃபும் கற்றுத்தருகிறோம். அந்த வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, பயணத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், அமர்ந்தபடியே பாதத்தை அசைக்கவும், தண்ணீர் குடிக்கவும், மாத்திரை விஷயத்தில் மருத்துவரைக் கேட்கவும் சொல்லிக்கொடுக்கலாம். பெண்கள் மதரஸாக்களில் நிஃபாஸ் பாடம் நடத்தும் ஆலிமாக்கள், அதே பாடத்தில் தண்ணீரைப் பற்றியும் தலைவலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்க்கலாம். இதற்கு நிதி திரட்டத் தேவையில்லை.

நம் பெரியவருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். “காக்கா, கால் வீங்கியிருக்கா? மூச்சு வாங்குதா?” என்று கேட்டோம். இல்லை என்றார். ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து தேவையில்லை என்றும், இருக்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள் என்றும் சொல்லி அனுப்பினாராம். மறு ஜும்ஆவில் நிம்மதியாக வந்தார். “மகனுக்கு என்ன பதில் அனுப்புனீங்க?” என்று கேட்டோம். “மருமக ஏழு மாசம். அவளுக்குத் தண்ணி நல்லா குடிக்கக் கொடுக்கணும்னு அனுப்பினேன் ஹஜ்ரத்” என்றார்.

அல்லாஹ் நம் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பயணிகளையும் காப்பானாக. ஆமீன்.